பெப்ரா ஜங்ஷனைக் காலி செய்தது அதிவேகப் பாதையா, அதற்கு முன்பே முடிந்த கதையா?

#1 கைகாட்டி

ஜெர்மனியில் ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடகிழக்கில், ஃபுல்டா ஆற்றங்கரையில் இருக்கிறது பெப்ரா. மக்கள்தொகை 14 ஆயிரத்தை ஒட்டித்தான். பிராங்ஃபுர்ட்டிலிருந்து எர்ஃபுர்ட் பக்கம் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் போனவர்கள்கூட இந்த ஊரைக் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகள் நிலையத்துக்குள் வராமலே தெற்கே ஒரு வளைவில் திரும்பிப் போய்விடுகின்றன. ஒரு காலத்தில் ஜெர்மனியின் முக்கியமான சந்திப்புகளைப் பட்டியல் போட்டால் இந்தப் பெயர் இல்லாமல் இருக்காது.

முதலில் பாதைகள் எப்படிப் போகின்றன என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற சண்டை புரியாது. நிலையத்தின் தென்முனையில் இரண்டு பாதைகள் வந்து சேர்கின்றன: ஒன்று ஃபுல்டா, ஹனாவ், பிராங்ஃபுர்ட் பக்கத்திலிருந்து, இன்னொன்று கிழக்கே கெர்ஷ்டுங்கன், ஐசனாஹ், எர்ஃபுர்ட் பக்கத்திலிருந்து. வடமுனையிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன: ஒன்று காஸலுக்கு, ஒன்று கோட்டிங்கன், ஹனோவருக்கு. நிலையக் கட்டடம் ஊர்ப் பக்கமாக ஓரத்தில் இல்லை, தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கிறது. இரண்டு பக்கமும் வண்டி வரும். அந்தக் காலத்தில் இங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் பெப்ராவுக்கு வந்தவர்கள் இல்லை, பெப்ராவில் வண்டி மாற வந்தவர்கள். அவர்களுக்குக் கட்டடம் நடுவில் இருப்பதுதான் வசதி.

காலவரிசை சுருக்கமாக. காஸல் பக்கத்திலிருந்து பாதை 1848இல் வந்து சேர்ந்தது. குர்ஹெஸ்ஸன் சிற்றரசின் ஆட்சியாளர் பெயரைத் தாங்கிய ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் வடக்கு ரயில்வே போட்ட பாதை அது. ஹென்ஷல் நிறுவனம் தன் முதல் எஞ்சினான "டிராஹ"வை 1848இல் செய்து கொடுத்ததும் இதே கம்பெனிக்குத்தான். 1849இல் கெர்ஷ்டுங்கன் வரை நீட்டி அங்கே துரிங்கிய ரயில்வேயோடு இணைத்தார்கள். 1866இல் ஃபுல்டா பாதை, 1868இல் அது ஹனாவ் வரை முழுமை பெற்றது. 1875-76இல் கோட்டிங்கன் பக்கம். நான்கு திசையும் கூடிவிட்டது. கிராமமாக இருந்த பெப்ராவுக்கு நகரத் தகுதி கிடைத்தது 1935இல், முதல் ரயில் வந்து 87 வருஷம் கழித்து.

என் கருத்து இதுதான்: 1991 ஜூனில் ஹனோவர்–வுர்ஸ்புர்க் அதிவேகப் பாதை முழுசாகத் திறந்ததும் வடக்கு–தெற்கு விரைவு வண்டிகள் எல்லாம் கோட்டிங்கனிலிருந்து காஸல்-வில்ஹெல்ம்ஸ்ஹோஹ வழியாக நேரே ஃபுல்டாவுக்குப் போக ஆரம்பித்தன. பெப்ராவின் கதை அன்றோடு முடிந்தது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 வரைபடப் பித்தன்

மாற்றுக் கருத்து இருக்கிறது. 1991 இல்லை, 1914.

நீங்களே சொன்னதை வைத்துப் பாருங்கள். பிராங்ஃபுர்ட் பாதையும் எர்ஃபுர்ட் பாதையும் ஒரே தென்முனையில் வந்து சேர்கின்றன. அப்படியானால் பிராங்ஃபுர்ட்டிலிருந்து பெர்லின் போகிற வண்டி என்ன செய்யும்? பெப்ராவுக்குள் வந்து நின்று, எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் வேறு எஞ்சின் பூட்டி, வந்த பக்கமே திரும்பிப் போக வேண்டும். நம்ம பாஷையில் லோகோ ரிவர்சல். இணைப்புக் கொக்கியைக் கழற்றுவது, பிரேக் குழாயைப் பிரிப்பது, பழைய எஞ்சின் தண்ணீருக்கும் கரிக்கும் ஷெட்டுக்குப் போவது, புது எஞ்சின் வந்து மாட்டியதும் கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று ஒருவர் நடந்து பார்ப்பது. இதெல்லாம் முடிவதற்குள் பயணிகள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். பெப்ரா வளர்ந்தது இந்தக் காத்திருப்பில்தான். அவ்வளவு எஞ்சின், அவ்வளவு ஓட்டுநர், அவ்வளவு கரித்தொழிலாளி, அவர்கள் குடும்பம், அவர்களுக்குக் கடை.

இதில் இன்னொரு கூத்து, அதே பிராங்ஃபுர்ட்–பெர்லின் வண்டி ஃபுல்டாவுக்குத் தெற்கே எல்ம் என்னும் இடத்திலும் ஒருமுறை இப்படித் திரும்ப வேண்டியிருந்தது. மலையைக் குடைய அன்றைக்குத் துணியாததால் பாதையை மேலே ஏற்றி, நிறுத்தி, திருப்பி அனுப்பினார்கள். ஆக, ஒரே பயணத்தில் இரண்டு ரிவர்சல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படியே ஓட்டியிருக்கிறார்கள்!

1914இல் இரண்டும் ஒரே வருஷத்தில் தீர்ந்தன. ஷ்லூஷ்டெர்ன் அருகே மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுரங்கம் திறந்தது, எல்ம் ஒழிந்தது. பெப்ராவுக்குத் தெற்கே பெர்லின் வளைவு என்ற பைபாஸ் வந்தது, ஃபுல்டாவிலிருந்து வரும் வண்டி பெப்ராவைத் தொடாமல் எர்ஃபுர்ட் பக்கம் திரும்பலாம். நீங்கள் ஐசிஇயில் பார்த்ததாகச் சொல்லும் வளைவு அந்த யோசனைதான். பெப்ராவுக்கு நாள் குறித்தது 1914. 1991இல் நடந்தது அதன் மிச்சம்.

#3 லோகோ பைத்தியம்

@வரைபடப் பித்தன், தலைவரே, எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் கணக்கு இடிக்கிறது. பைபாஸ் வந்ததால் பெப்ரா செத்திருந்தால், 1950களில் இங்கே 01.10 வகை எஞ்சின்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

தெரியாதவர்களுக்கு: 01.10 என்பது 1939-40இல் கட்டிய மூன்று சிலிண்டர் எக்ஸ்பிரஸ் எஞ்சின், மொத்தம் 55 மட்டும். முதலில் காற்றைக் கிழிக்க முழு உடம்புக்கும் தகடு போர்த்தியிருந்தார்கள், போருக்குப் பிறகு அதைக் கழற்றிவிட்டார்கள். பிறகு புது பாய்லர் போட்டு, அதில் பலவற்றைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். மேற்கு ஜெர்மனியின் ஆகச் சிறந்த விரைவு எஞ்சின்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். பெப்ரா ஷெட்டில் அவை இருந்தன. முக்கியம் இல்லாத ஷெட்டுக்கு யார் இதைக் கொடுப்பார்கள்?

அப்புறம் பேங்கர் எஞ்சின்கள். வரைபடத்தில் ஏற்றம் தெரியாது, அதனால் யாரும் சொல்வதில்லை. பெப்ரா ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. கோட்டிங்கன் பக்கம் போனால் கோர்ன்பெர்க் வரை ஒரு ஏற்றம், கெர்ஷ்டுங்கன் பக்கம் போனால் ஹோனபாஹ் சுரங்கம் வரை இன்னொரு ஏற்றம். ஃபுல்டா ஆற்றுக்கும் வெர்ரா ஆற்றுக்கும் நடுவிலுள்ள மேட்டைத் தாண்டத்தான் அந்தச் சுரங்கத்தை வைத்திருக்கிறார்கள். கனமான சரக்கு வண்டிக்கு முன்னால் ஒரு எஞ்சின் போதாது, பின்னாலிருந்து ஒன்று முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளு எஞ்சின்களின் வீடு பெப்ரா. பைபாஸ் போட்டால் ரிவர்சல் மிச்சமாகும், மலை மிச்சமாகாது.

#4 காஸல்வாசி

நான் இந்தப் பக்கத்தில்தான் நெடுங்காலமாக இருக்கிறேன். அண்ணாமார் இரண்டு பேரும் 1945ஐ விட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள்.

1945 ஜூலையில் அமெரிக்கப் படை கிழக்கே அடுத்துள்ள துரிங்கியா மாநிலத்தை விட்டு விலகியது, சோவியத் படை உள்ளே வந்தது. ஒரே மாதத்தில் பெப்ரா நாட்டின் நடுவிலிருந்து எல்லைக்கு வந்துவிட்டது. கிழக்கே அடுத்த பெரிய நிலையம் கெர்ஷ்டுங்கன், அது சோவியத் பக்கம். அதன்பிறகு கிழக்கு ஜெர்மனிக்குப் போகும் வண்டி, வரும் வண்டி, எல்லாமே பெப்ராவில் நின்றாக வேண்டும். 1914இல் ரிவர்சலை ஒழித்தார்கள் என்கிறீர்களே, எல்லை வந்ததும் அது திரும்பி வந்துவிட்டது. பிராங்ஃபுர்ட்டிலிருந்து வந்த மேற்கு எஞ்சினைக் கழற்றி, கிழக்கு ரயில்வேயின் எஞ்சினைப் பூட்டி அனுப்பினார்கள்.

1964 நவம்பருக்குப் பிறகு கிழக்கிலிருந்த ஓய்வூதியர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மேற்கிலுள்ள சொந்தக்காரரைப் பார்த்துவர அனுமதி கொடுத்தார்கள். வேலை செய்து முடித்த வயதானவர்கள் திரும்பாமல் போனால் அரசுக்கு நட்டமில்லை, லாபம்தான், அதனால் வந்த தாராளம். தென்பக்கத்தால் வந்தவர்களுக்கு மேற்கில் முதலில் கால் வைத்த நிலையம் பெப்ரா. பான்ஹோஃப்ஸ்மிஸ்ஸியோன் என்ற தேவாலயத் தொண்டு அமைப்பின் ஆட்கள் நடைமேடையிலேயே நின்று தேநீர் கொடுப்பார்கள், பெட்டி தூக்குவார்கள், எந்த வண்டியில் மாறி ஏறுவது என்று காட்டிவிடுவார்கள்.

என்னோடு வேலை செய்த ஒரு பெப்ராக்காரர் இருந்தார். தகப்பன் ரயில்வே, பெரியப்பன் ரயில்வே, மாமன் ரயில்வே. "எங்கள் தெருவில் ரயில்வேயில் இல்லாதவர் ரொட்டிக்கடைக்காரர் மட்டும், அவரும் ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்துத்தான் கடை திறப்பார்" என்பார்.

#5 புதிய பயணி

கேள்வி கேட்கலாமா? எல்லை அவ்வளவு பக்கத்தில் என்றால், கோட்டிங்கன் போகும் வடக்குப் பாதையும் எல்லையை ஒட்டித்தானே போகிறது? அது எப்படித் தப்பித்தது?

#6 வரைபடப் பித்தன்

@புதிய பயணி, நல்ல கேள்வி. தப்பிக்கவில்லை, மாட்டிக்கொண்டது. அந்தக் கதைக்குத் தனி இழையே போடலாம்.

அமெரிக்கர் வசமிருந்த பகுதி தெற்கே ஹெஸ்ஸன், பவேரியா. அவர்களுக்குக் கிடைத்த துறைமுகமோ வடக்கே பிரேமர்ஹாஃபன். சுற்றிலும் பிரிட்டிஷ் பகுதி. கப்பலில் வந்து இறங்கும் சரக்கும் படையும் தெற்கே வருவதற்கு முக்கிய வழி ஹனோவர்–கோட்டிங்கன்–பெப்ரா பாதை. அந்தப் பாதை வெர்ரா பள்ளத்தாக்கில் வளைந்து போகும்போது சுமார் 4 கிலோமீட்டர் சோவியத் பகுதிக்குள் போய்விட்டு வெளியே வந்தது. அந்த 4 கிலோமீட்டரில் வண்டியை மறிக்க வேண்டும் என்று ஒரு சோவியத் அதிகாரிக்குத் தோன்றினால் போதும், மொத்தப் பாதையும் படுத்துவிடும்.

1945 செப்டம்பர் 17ஆம் தேதி வான்ஃப்ரீட் ஊரில் அமெரிக்கத் தளபதியும் சோவியத் தளபதியும் உட்கார்ந்து ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். ரயில் பாதை ஓடும் வெர்லஸ்ஹவுசன், நொய்செசன் இரண்டும் அமெரிக்கப் பக்கம் வந்தன. பதிலுக்கு ஹெஸ்ஸனின் ஆஸ்பாஹ், சிக்கன்பெர்க், ஃபாட்டரோட, வைடன்பாஹ், ஹென்னிகரோட ஐந்தும் சோவியத் பக்கம் போயின. ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்தானதும் ஒருவர் விஸ்கியும் ஒருவர் வோட்காவும் பரிமாறிக்கொண்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. இந்தப் பாதைக்கே விஸ்கி-வோட்கா பாதை என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு ஊர் தப்பித்ததும் ஐந்து ஊர் நாற்பது சொச்ச வருஷம் வேலிக்குப் பின்னால் போனதும் ஒரு ரயில் பாதைக்காக. 1990இல் நாடு ஒன்றானபோது இந்த மாற்றத்தைத் திருப்பவும் இல்லை. வெர்லஸ்ஹவுசன் இன்றைக்கும் ஹெஸ்ஸனில், ஆஸ்பாஹ் இன்றைக்கும் துரிங்கியாவில்.

#7 லோகோ பைத்தியம்

கிழக்குப் பாதையின் கதை இதைவிடச் சிக்கல். கெர்ஷ்டுங்கனுக்கும் ஐசனாஹுக்கும் நடுவே பழைய பாதை மறுபடி ஹெஸ்ஸனுக்குள் நுழைந்து, ஹெர்லெஸ்ஹவுசன் வழியாக வெளியே போகும். அதாவது கிழக்கு ஜெர்மனி வண்டி, கிழக்கிலிருந்து கிழக்குக்குப் போக மேற்கைத் தொட வேண்டும். பெர்லின் சுவர் எழுந்த காலத்தில் இதை விடுவார்களா? 1960களின் தொடக்கத்தில் ஃபோர்ட்டா வழியாக முழுக்கத் தங்கள் மண்ணிலேயே ஒரு புதுப் பாதை போட்டார்கள். ஏற்றம் கடுமை, வளைவு அதிகம், ஆனால் மேற்கைத் தொடாது. அவர்களுக்கு அது போதும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். ஹனோவரிலிருந்து கோட்டிங்கன், பெப்ரா, ஃபுல்டா வரை 1963இல் மின்மயமாகிவிட்டது. 01.10கள் மூட்டை கட்டின. பெப்ராவில் மேலே மின்கம்பி, கீழே மின்சார எஞ்சின்கள். அந்தக் கம்பிக்குக் கீழே, கிழக்கிலிருந்து எர்ஃபுர்ட் ஷெட்டின் 01.5 நீராவி எஞ்சின் எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும்! 1970களின் தொடக்கம் வரை இது நடந்தது. 01.5 என்பது பழைய 01ஐ மைனிங்கன் பணிமனையில் 1962-65இல் பிரித்துப் புதிதாகக் கட்டியது, 35 எஞ்சின்கள். சிலவற்றுக்கு வழக்கமான ஆரக்கால் சக்கரம் இல்லாமல், பெட்டி பெட்டியாக ஓட்டை விட்ட வார்ப்புச் சக்கரம். மேலே கொதிகலன் நெடுக ஒரே மூடி, நெற்றி சரிந்திருக்கும். கிழக்கே போய்ப் படமெடுத்தால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், பெப்ராவில் நடைமேடைச் சீட்டு வாங்கினால் போதும். மேற்கு ஜெர்மானிய ரயில் ரசிகர்கள் கேமராவோடு குவிந்ததில் என்ன ஆச்சரியம்?

#8 தேநீர்க் கடை

ஒரு சின்ன ஊருக்கு இத்தனை பதிவா என்று கேட்க வந்தேன், படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் தலைப்புக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே.

#9 கைகாட்டி

@தேநீர்க் கடை, வருகிறேன். எல்லோரும் சொன்னதை வைத்தே சொல்கிறேன், 1991தான்.

வரைபடப் பித்தன் 1914ஐக் காட்டுகிறார். சரி, பெர்லின் விரைவு வண்டிகள் சில வெளியே போயின. ஆனால் ஹனோவர்–பிராங்ஃபுர்ட் வண்டி பெப்ரா வழியாகத்தான் போயிற்று, காஸல்–எர்ஃபுர்ட் வண்டி பெப்ரா வழியாகத்தான் போயிற்று, சரக்கு முழுக்க இங்கேதான் பிரிந்து சேர்ந்தது. பைபாஸ் ஒரு மூலையை மட்டும் வெட்டியது. 1945க்குப் பிறகோ நிலைமை இன்னும் மாறியது. நாடு இரண்டாகப் பிரிந்ததும் மேற்கு ஜெர்மனியின் போக்குவரத்து கிழக்கு–மேற்கிலிருந்து வடக்கு–தெற்காகத் திரும்பியது. ஹாம்புர்க்கிலிருந்து மியூனிக் வரையான ஓட்டத்தின் முதுகெலும்பே பெப்ரா வழிப் பாதை. எல்லை வேலை அதற்கு மேல் உபரி. பெப்ராவின் பொற்காலம் 1950 முதல் 1980கள் வரை என்றுதான் நான் சொல்வேன்.

1989 நவம்பரில் எல்லை திறந்ததும் கிழக்கிலிருந்து வந்த வண்டிகளில் நிற்க இடமில்லை. ஆளுக்கு 100 மார்க் வரவேற்புப் பணம் வாங்க, கடை பார்க்க, சும்மா எட்டிப் பார்க்க என்று பெப்ராவில் வந்து இறங்கினார்கள். ஊர் தன் வாழ்நாளில் அவ்வளவு கூட்டத்தைக் கண்டிருக்காது. அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து அதிவேகப் பாதை. ஒரே கால அட்டவணை மாற்றத்தில் வடக்கு–தெற்கு போனது. எல்லையும் இல்லை, அதனால் கிழக்கு வண்டிகள் நிற்கக் காரணமும் இல்லை, வளைவில் திரும்பிவிட்டன. இரண்டு கையும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

#10 வரைபடப் பித்தன்

நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம். எல்லை இல்லாவிட்டால் அந்த "உபரி" இருந்திருக்காது, வடக்கு–தெற்கு ஓட்டமும் அவ்வளவு பெருத்திருக்காது. பெர்லினை நோக்கிய வண்டிகள் 1914 போட்ட வளைவிலேயே போயிருக்கும், பெப்ரா மெதுவாக ஓர் உள்ளூர் நிலையமாகியிருக்கும். எல்லை வந்து 45 வருஷம் அதைத் தள்ளிப்போட்டது. பெப்ரா வாழ்ந்தது, வண்டிகள் நிற்க வேண்டிய கட்டாயம் இருந்தவரை. முதலில் பாதை அமைப்பு கட்டாயப்படுத்தியது, பிறகு நீராவி எஞ்சின் கட்டாயப்படுத்தியது, பிறகு எல்லைக் காவல் கட்டாயப்படுத்தியது. ஒவ்வொன்றாகக் கழன்றன. யாரும் விரும்பி நின்றதில்லை.

#11 லோகோ பைத்தியம்

இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1972இல் இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையிலான போக்குவரத்து உடன்பாடு அமலுக்கு வந்தபோதே அறிகுறி தெரிந்தது. மேற்கு பெர்லின் போகும் வண்டிகளில் சோதனையை ஓடும் பெட்டிக்குள்ளேயே செய்ய ஆரம்பித்தார்கள், எல்லையில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பது குறைந்தது. பயணிக்கு நல்லது. ஜங்ஷனுக்கு?

#12 காஸல்வாசி

செத்துவிட்டது, முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒருநாள் இரவில் பெப்ரா யார்டுப் பக்கம் வந்து நின்று பாருங்கள். சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை இன்றைக்கும் நடக்கிறது. அதிவேகப் பாதையில் பகலில் ஐசிஇக்குத்தான் இடம், பழைய வடக்கு–தெற்குப் பாதை சரக்கு வண்டிகளால் நிரம்பி வழிகிறது. ஹாம்புர்க் துறைமுகத்துக் கன்டெய்னர் தெற்கே போக வேண்டுமென்றால் பெப்ரா வழியும் ஒரு முக்கிய வழி. நீங்கள் மூன்று பேரும் பயணி வண்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

பயணி வண்டியும் ஒன்றுமில்லாமல் போகவில்லை. 2006 டிசம்பரிலிருந்து கான்டுஸ் நிறுவனம் காஸல், ஃபுல்டா, கோட்டிங்கன், ஐசனாஹ் நான்கு பக்கமும் ஓட்டுகிறது. நான்கும் சந்திப்பது பெப்ராவில்தான். சந்திப்பு என்ற வேலையை அது இன்னும் செய்கிறது, பெரிய வண்டிகளுக்கு இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஃபுல்டா, காஸல் வேலைக்குப் போகிற ஆட்களுக்கும். நீராவிக் காலத்துத் தண்ணீர்க் கோபுரத்தில் ரயில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பழைய எஞ்சின் ஷெட்டில் இப்போது கச்சேரியும் கல்யாணமும் நடக்கிறது, அதைப் பற்றி லோகோ பைத்தியம் அண்ணை என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும் :)

#13 லோகோ பைத்தியம்

இடிக்காமல் விட்டார்களே, அதுவே பெரிய விஷயம். எத்தனை ஷெட் போன இடம் தெரியாமல் போயிற்று. கல்யாணம் நடக்கட்டும்.

#14 புதிய பயணி

ஃபுல்டாவிலிருந்து கெர்ஷ்டுங்கனுக்குப் புது விரைவுப் பாதை போடப் போவதாகப் படித்தேன். அது வந்தால் பெப்ராவுக்கு ஐசிஇ திரும்புமா?

#15 வரைபடப் பித்தன்

திரும்பாது. அந்தத் திட்டத்தில் நிறுத்தம் என்று பேசப்படுவது பாட் ஹெர்ஸ்ஃபெல்ட், பெப்ராவுக்குத் தெற்கே உள்ள ஊர். அங்கிருந்து பாதை கிழக்கே ஏறி ரோன்ஷவுசன் பக்கமாகப் பழைய துரிங்கியப் பாதையோடு சேர்வதாகத் திட்டம். பெர்லின் வளைவாவது பெப்ராவின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் திரும்பியது, இது அதற்கும் முன்னாலேயே பிரிந்துவிடும். பெப்ராவுக்கு இதில் லாபம் என்றால் ஒன்றுதான்: ஐசிஇ முழுக்க வெளியே போனால் பழைய பாதையில் சரக்கு வண்டிக்கு இடம் கூடும், காஸல்வாசி சொன்ன யார்டுக்கு வேலையும் கூடலாம்.

#16 கைகாட்டி

சரக்கைப் பற்றிக் காஸல்வாசி சொன்னது நியாயம். ஆனாலும் 1991இலிருந்து நான் இறங்குவதாக இல்லை, ஷெட் வேலையும் நிலைய வேலையும் ஊரைவிட்டுப் போனது அதற்குப் பிறகுதான். எல்ம் ரிவர்சல் பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே போட்டால் குழம்பும். அதற்கு வேறு இழை தொடங்குகிறேன், சுரங்கம் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.